நீர்க்கண்டம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
10 நவம்பர் 1986

அன்புத் தங்கச்சி குணபூசணிக்கு,

கந்தசுவாமியார் கிருபையால் நானும் உன் அண்ணியும் அம்மாவும் சுகம். உன் சுகத்தையும் கெமாமான் பள்ளிக்கூடத்தின் சுகத்தையும் அறிய ஆவல். அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. வாய் மட்டும் வற்றவில்லை. நேற்றும் பால்காரனோடு ஒரு சுற்று நடந்தது.

விஷயத்திற்கு வருகிறேன். தீபாவளிக்கு வர முடியாதபடி விடைத்தாள் குவிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த விடுமுறைக்கு அடுத்த வீட்டு வல்லிபுரத்தாரின் மகன் சிநேகிதர்களோடு கிழக்குக் கரைக்குப் போய்வந்தான். செராத்திங் பக்கம் ஒரு பாறை முனையில், மழைக்காலத்துக் கடலுக்குள், நீளப் பலகை ஒன்றின் மேல் குப்புறப் படுத்துக் கிடந்த ஒரு பெண்பிள்ளையைக் கண்டானாம். "அங்கிள், நம்ம குணம் டீச்சர் மாதிரியே இருந்துச்சு லா. சர்ஃபிங் பண்றாங்க" என்றான். தம்பி, முதலில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண்ணாடி அவனுக்கா எனக்கா என்று நீதான் எழுத வேண்டும்.

உன் சாதகத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாததல்ல. தண்ணீரால் உயிருக்குக் கண்டம். யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் அதை எழுதி அனுப்பிய நாளிலிருந்து அம்மா உன்னைக் கோயில் குளத்துப் படியில்கூடக் கால் வைக்க விட்டதில்லை. ரயில்வே குடும்பங்கள் எல்லாம் போர்ட்டிக்சனுக்குப் பிக்னிக் போனபோது, எங்களைக் கடலில் விட்டுவிட்டு, உன்னை மட்டும் பஸ்ஸுக்குள் மடியில் இருத்திக்கொண்டு வெந்தவர் அவர். அந்த மனுசிக்கு இந்த வயதில் இந்தச் செய்தி வேண்டுமா?

இன்னொன்று. பெர்த்தில் இருக்கும் மகன் எங்களை நிரந்தரமாக வரச் சொல்லிப் பத்திரம் போட்டிருக்கிறான். அடுத்த வருட நடுவில் விசா கிடைத்துவிடும். அம்மா பிளேனில் ஏறமாட்டேன் என்று காலை அகட்டி நிற்கிறார். ஆகவே நீ இங்கே மாற்றலுக்கு விண்ணப்பம் போடு. கிள்ளானோ சுபாங் ஜெயாவோ, எது கிடைத்தாலும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? ஒரு பெட்டியைக் கட்டினால் வந்து சேர்ந்துவிடலாம்.

பலகைக் கதையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதிலைப் பார்த்துத்தான்.

உன் அண்ணன்
வீரசிங்கம்

*

கெமாமான்,
திரெங்கானு.
28 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். அண்ணியும் அம்மாவும் நீங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அம்மாவின் கால் வீக்கத்திற்கு உப்புத்தான் காரணம். ஊறுகாய்ப் போத்தலை அண்ணி எங்காவது ஒளித்து வைக்கட்டும். அரிசிப் பானைக்குள் வேண்டாம், அங்கேதான் முதலில் தேடுவார்.

இங்கே மழை பிடித்துவிட்டது. பள்ளித் திடலில் முழங்கால் அளவு தண்ணீர்.

வல்லிபுரத்தாரின் மகனுக்குக் கண்ணாடி தேவையில்லை. அது நான்தான்.

முனைக்குப் பக்கத்தில் மாக் சு என்று ஒரு மலாய் அம்மாள் நாலு குடிசை கட்டி, வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன் ஊர் திரும்பும்போது தன் பலகையை அங்கேயே விட்டுப் போய்விட்டான். மாக் சு அதை இரண்டு கல்லின் மேல் வைத்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டு வாங்கினேன். முதல் மாதம் முழுவதும் என் மேல் கருவாட்டு வாசம்.

திடீரென்று குதித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் ஹமிடா டீச்சர் ஒரு வருடம் ஆற்று முகத்தில் வைத்து எனக்கு நீச்சல் பழக்கினார். கணக்கு டீச்சர் கணக்குப் பார்க்காமல் இறங்குவாளா? வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. காலையில் அவருடைய காரில் போவோம். அடுத்து நீங்கள் கேட்கப்போவது உடுப்பைப் பற்றி. பள்ளிக்கூட ட்ராக் சூட், முழுக்கைச் சட்டை. சேலையைவிட மறைப்பு அதிகம்.

ஏன் இறங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிப் பிக்னிக்குகளில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் தண்ணீருக்குள் இருப்பார்கள். நான் எல்லோருடைய செருப்புக்கும் காவல். ஒருநாள் அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அலுத்துவிட்டது. கண்டம் வரும் வரும் என்று நாற்பது வருடமாகச் சொன்னீர்கள். வரவில்லை. வருகிறேன் என்றவர் வராவிட்டால் நாமே ஒரு நடை போய்ப் பார்க்கிறோம் அல்லவா, அப்படித்தான் போனேன். சாதகத்தை நம்பாமல் போனதாக நினைக்காதீர்கள். நம்பித்தான் போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம்பிக்கொண்டுதான் போகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கை
குணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
15 டிசம்பர் 1986

அன்புத் தங்கச்சி குணத்திற்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். உள்ளதைச் சொன்னால் இந்த வீட்டில் இப்போது யாருக்கும் சுகமில்லை.

நான் வாயைக் கட்டி வைத்திருந்தேன். வல்லிபுரத்தாரின் மனைவி கட்டவில்லை. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற அம்மாவிடம், "உங்கட மகள் கடல்லை பலகை ஓட்டுறாவாமே" என்று கேட்டிருக்கிறார். அம்மா தட்டைக் கீழே போடவில்லை, அதுவே பெரிது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"வீரம், உனக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும் அம்மா."

"ஒரு சொட்டுத் தண்ணி மேலை படாமல் வளர்த்தனான். அவள் தானாப் போய் அதுக்குள்ளை விழுறாள். நீ அதை வைச்சுக்கொண்டு சோறு தின்னுறாய்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவர் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. நீ கரையில் ஏறி வீட்டுக்கு வரும்வரை அப்படித்தானாம். கால் வீங்கிய மனுசிக்கு இது தேவையா என்று நீயே யோசி. உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கருவாட்டிலிருந்து உடுப்புவரை எல்லாம் இருக்கிறது, மாற்றலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

வேறு செய்தி. கிள்ளானில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். அங்கே சர்வேயர் சிவகுருநாதனைக் கண்டேன். தலை முழுக்க வெள்ளை, ஆனால் ஆள் தண்டவாளம் மாதிரித்தான் நிற்கிறான். மூத்த மகள் டாக்டருக்குப் படிக்கிறாளாம். உன்னைச் சுகம் கேட்டான். தங்கமான பிள்ளை. உன்னைக் கேட்டு வந்தபோது சாதகமே பார்க்க வேண்டாம் என்றல்லவா அவன் வீட்டார் நின்றார்கள். நம்முடைய அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டில் செவ்வாய் இருக்கிற பெண்ணைக் கட்டினால் புருஷன் தங்கமாட்டான், தெரிந்துகொண்டே இன்னொருத்தர் பிள்ளையை நான் கொல்லமாட்டேன் என்றுவிட்டார். பிறகு வந்தவர்களுக்கும் அதே பதில்தான். அவருடைய நேர்மை அப்படி.

மாற்றல் விண்ணப்பத்தை இந்த மாதமே அனுப்பு. அண்ணியின் ஆசிகள்.

அண்ணன்
வீரசிங்கம்

*

கெமாமான்
9 சனவரி 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். எனக்கு இருமல் வந்து போனது, வேறொன்றுமில்லை. அம்மாவின் விரதத்தைப் பற்றிப் படித்து வருந்தினேன். வியாழன் இரவு அவருக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிடக் கொடுங்கள். வெள்ளிக்கிழமையை விடச் சொன்னால் விடமாட்டார்.

கிள்ளான் செய்தி படித்தேன்.

நான் என்ன செய்கிறேன் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்தால் பயம் குறையும் என்று நினைக்கிறேன். முனை என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு போகும் பாறை மூக்கு. மழைக்காலத்து அலை வடகிழக்கிலிருந்து வந்து அந்த மூக்கின் நுனியில் முதலில் மோதும். ஒரேயடியாக உடையாது. நுனியில் தொடங்கி, பாய் சுருட்டுவதுபோல், விரிகுடாவின் உள்வரைக்கும் சுருண்டுகொண்டே வரும். சுருளுக்குச் சற்று முன்னால் பலகையை வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். மீதி வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும். பின்தங்கினால் நுரைக்குள் போய்விடுவோம். அவசரப்பட்டால் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும்.

இதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். பலகையில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே யாரும் இல்லை. எப்போதாவது இரண்டு வெள்ளைக்காரர்கள் வருவார்கள், தலையசைப்பார்கள், அவ்வளவுதான். மழை கடலில் பெய்யும் சத்தம் மட்டும் இருக்கும். யாரும் என்னிடம் கணக்குக் கேட்பதில்லை, எப்போது வீட்டுக்கு வருவாய் என்றும் கேட்பதில்லை.

விழுந்ததுதான் அதிகம். பலகை ஒருமுறை தாடையில் அடித்துத் தையல் போட்டார்கள். பள்ளியில் குளியலறையில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்மஸ் முடிந்த வெள்ளிக்கிழமை முதல் தடவையாக எழுந்து நின்றேன். நின்றது மட்டுமல்ல, பாறைகள் முடிந்து மணல் தொடங்கும் இடம்வரைக்கும் போனேன். மாக் சு கரையில் நின்று "மாக்கான், சிக்கு, மாக்கான்" என்று இந்த டீச்சரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நான் நின்றதைப் பார்க்கவே இல்லை. அண்ணா, எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டேன், இன்னொரு தட்டுக் கேட்டேன்.

மாற்றல் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை
குணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
3 பிப்ரவரி 1987

என் அருமைத் தங்கச்சி குணத்திற்கு,

எல்லோரும் சுகமோ சுகம்! நல்ல செய்தி வந்திருக்கிறது. உட்கார்ந்து படி.

உன் கண்டத்திற்கு ஏதாவது பரிகாரம் செய்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடித்த பிடியில், போன ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அங்கே தம்புசாமி என்று ஒரு சோதிடர். முன்பு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். ஏர்கண்டிஷன் அறை, கழுத்தில் டை, மேசையில் இரண்டு டெலிபோன். பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உன் சாதகத்தை நீட்டினேன். பிறந்த வருடத்தைப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.

"ஐயா, இது எந்த மணி?" என்றார்.

"காலை எட்டரை" என்றேன்.

"அது தெரியுது. எந்த மணிங்கறேன். சப்பான்காரன் காலத்துப் பிள்ளையாச்சே. அவன் வந்ததும் நாட்டு மணியெல்லாம் தோக்கியோ மணியாக்கிட்டான் இல்ல? ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளிட்டானே. அந்தக் காலத்துல பொறந்தவங்க யாரு வந்தாலும் மொதல்ல இதத்தான் கேப்பேன்."

எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. நீ பிறந்தபோது அப்பா வாசலுக்கு ஓடிப்போய் ஸ்டேசன் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் நேரம் எழுதினாராம். ரயில்வே நேரம் ஒரு நிமிடம் பிழைக்காது என்று அவருக்குப் பெருமை. அந்த மணிக்கூடு அப்போது தோக்கியோ நேரத்தில்தானே ஓடியது! சண்டை முடிந்ததும் அப்பா அந்த எட்டரையை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு எழுதிவிட்டார். சாத்திரியார் அதை மலாயாவின் பழைய நேரம் என்று எண்ணிக் கணித்துவிட்டார். உண்மையில் நீ பிறந்தது பழைய நேரப்படி ஏழு மணி. லக்கினமே வேறு!

தம்புசாமி அங்கேயே உட்கார்ந்து புதிதாகக் கணித்தார். நீர்க்கண்டம் இல்லை. ஒரு துளிகூட இல்லை. நீண்ட ஆயுள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். திரும்பி வரும்போது மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இறங்கி உனக்கு ஒரு சேலை வாங்கினார். வெள்ளிக்கிழமை விரதமும் முடிந்தது.

ஆகவே இனி நீ பலகையில் ஏறு, படகில் ஏறு, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிளேனில் ஏறி எங்களைப் பார்க்க வந்தால் பெர்த்திலும் கடல் இருக்கிறது. மாற்றலை மட்டும் மறந்துவிடாதே.

மகிழ்ச்சியுடன்
அண்ணன்

*

கெமாமான்
12 பிப்ரவரி 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடுகிறார் என்பதில் எனக்கு மிகுந்த ஆறுதல். சேலைக்கு நன்றி சொல்லுங்கள்.

புதிய சாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை.

குணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
20 ஏப்ரல் 1987

அன்புத் தங்கச்சி குணத்திற்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் எழுது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பெர்த் வேலைகள் ஆளைக் கொன்றுவிட்டன. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எக்ஸ்ரே. என் நெஞ்சில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறதாம், அதற்கு ஒரு விளக்கம் கேட்டார்கள். சிகரெட்டுக்கு முன்னால் பிறந்த தழும்பு என்றேன். ஜூலையில் புறப்படுகிறோம்.

இங்கே நல்ல மழை. ஸ்காட் ரோட்டில் வெள்ளம் வந்து வல்லிபுரத்தாரின் கார் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் தள்ளினோம். அண்ணி வீட்டுச் சாமான்களைப் பிரித்து வைக்கிறாள். உன் பழைய தையல் மெசின் இன்னும் ஓடுகிறது, வேண்டுமா? கோயில் திருவிழா நன்றாக நடந்தது. இந்த முறை நாதசுரக்காரர் வெளியூர்.

உன் அலையெல்லாம் எப்படி இருக்கிறது? மழைக்காலம் முடிந்துவிட்டதால் அங்கே கடல் படுத்திருக்கும் என்று வல்லிபுரத்தாரின் மகன் சொன்னான்.

மாற்றல் விஷயம் என்னவாயிற்று? நாள் இல்லை, தங்கச்சி. அம்மாவை யாரிடம் விடுவது என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அண்ணன்

*

கெமாமான்
25 ஏப்ரல் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் நெஞ்சை நன்றாகக் காட்டுங்கள், தழும்புதானே என்று விடாதீர்கள். சிகரெட்டை நிறுத்துங்கள்.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் மழையைப் பற்றி எழுதினீர்கள், காரைப் பற்றி எழுதினீர்கள், நாதசுரக்காரரைப் பற்றிக்கூட எழுதினீர்கள்.

எனக்குக் கணக்குத் தெரியும், அண்ணா. பிறந்த நேரம் ஒன்றரை மணி பின்னால் போனால் லக்கினம் ஒரு வீடு பின்னால் போகும். செவ்வாய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் மாறிவிட்டதால் எட்டு ஒன்பதாகிவிடும். ஒன்பதில் செவ்வாய் யாரையும் கொல்லாது. உங்கள் கடிதம் வந்த அன்றே, விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. நீங்கள் எழுத வேண்டும் என்றுதான் கேட்டேன்.

கடலுக்குப் போ என்று அனுமதி கொடுத்தீர்கள். அது கிடைத்த பிறகு நான் போகவில்லை. பிப்ரவரி கடைசியில் இந்தப் பருவத்தின் நல்ல அலைகள் வந்தன. ஹமிடா வந்து வாசலில் ஹாரன் அடித்தார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். சாகலாம் என்று தெரிந்துகொண்டு இறங்கியபோது அந்தக் கடல் என்னுடையதாக இருந்தது. வேறு எதுவும் என்னுடையதாக இருக்கவில்லை. இப்போது அதையும் நீங்கள் சோதிடரிடம் கேட்டு எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அப்பா மேலா, ஸ்டேசன் மணிக்கூட்டின் மேலா, ஜப்பான்காரன் மேலா? எல்லோரும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது நீங்கள்தான்.

உனக்கென்ன பிள்ளையா குட்டியா என்று எழுதினீர்கள். இல்லைதான். ஏன் இல்லை என்பதையும் நீங்களே எழுதுங்கள்.

மாற்றலுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிக்க மாட்டேன். அம்மாவைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. சமையலறை பெரிது. டாக்டர் அடுத்த தெருவில். அம்மாவை இங்கே கூட்டிவாருங்கள். பிளேன் வேண்டாம், பஸ் வரும்.

தையல் மெசின் வேண்டாம்.

குணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
18 மே 1987

தங்கச்சி குணத்திற்கு,

எல்லோரும் சுகம்.

ஒன்பதில். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

உன் வீட்டுக்குப் போவதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "கடல் எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார். நீ இறங்கும் முனைக்குக் காரில் அரைமணிக்கு மேல் என்றேன். சரி என்றார். ஜூன் விடுமுறையில் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மிக்கல்லையும் எடுத்துவர வேண்டுமாம். பஸ்காரன் என்ன சொல்வானோ.

ஒரு வேண்டுகோள். தம்புசாமி முன்னால் அம்மா கண்டத்தைப் பற்றித்தான் கேட்டார். செவ்வாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவுக்கு அது தோன்றவில்லை என்று நினைக்கிறேன். நான் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்காதே. இந்த வயதில் அந்த மனுசி அதைத் தாங்கமாட்டார்.

அண்ணன்
வீரசிங்கம்

*

கெமாமான்
20 டிசம்பர் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெர்த்தில் நீங்களும் அண்ணியும் மகன் குடும்பமும் நலமா? அங்கே இப்போது கோடைதானே. வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதீர்கள். நெஞ்சு எப்படி?

ஜூலையில் நீங்கள் எழுதிய கடிதத்திற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

அம்மாவுக்குக் கால் வீக்கம் இல்லை. மாக் சுவை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு மலாய் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான், மாக் சுவுக்குத் தமிழ் அதுகூட இல்லை. இரண்டு பேரும் கருவாட்டை எப்படிப் பொரிப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தால் அம்மாவும் காரில் ஏறிவிடுகிறார். கடலைப் பார்க்கமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு மாக் சுவின் சமையலறையில் இருப்பார். நான் திரும்பி வந்ததும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். நவம்பரில் அலை வந்ததும் நானும் இறங்கத் தொடங்கிவிட்டேன். ஏன் விட்டேன், ஏன் தொடங்கினேன் என்று ஆராயவில்லை. அலை நன்றாக இருந்தது, போனேன்.

நேற்று முன்தினம் அம்மா சமையலறையில் இல்லை. சவுக்கு மரத்தடியில் பாயைப் போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நுனியிலிருந்து மணல்வரைக்கும் ஒரு நீள அலையில் வந்தேன். வந்து பலகையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டத் தொடங்கினார். சின்ன வயதில் எப்படித் துவட்டுவாரோ அப்படித்தான், காது மடலைப் பிய்த்துக்கொண்டு.

"நல்லாப் போறாய், பிள்ளை" என்றார். பிறகு துவட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்தச் சிவகுருநாதன் கிள்ளானிலை நல்லாத்தான் இருக்கிறான். உன்னைக் கட்டியிருந்தாலும் இருந்திருப்பான்."

துண்டு என் முகத்தின் மேல் இருந்தது.

"அந்தக் கிள்ளான் சாத்திரி புதிசா எழுதத் தொடங்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது. மணி பிழையெண்டால் எல்லாம்தானே பிழை. தண்ணி மட்டும் பிழையாய் இருக்குமோ? பிழை விட்டது நாங்கள், பிள்ளை. தனியக் கிடந்தது நீ."

தம்புசாமியின் மேசைக்கு முன்னால் அவர் அழுதது சந்தோஷத்தில் என்பதுபோல் எழுதியிருந்தீர்கள். சேலை வாங்கியதும் அதே சந்தோஷத்தில் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

நான் அழுதேன், அண்ணா. ஈரச் சட்டையோடு, இந்த வயதில், அம்மாவின் மடியில் தலையை வைத்துச் சத்தமாக அழுதேன். மாக் சு அகப்பையோடு ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அழுது முடிந்ததும் பசித்தது.

காரில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "உதை அண்ணனுக்கு எழுதிப் போடாதை. அவனுக்கு உது தெரியாது. தெரிஞ்சால் தாங்கமாட்டான்."

எழுதிவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். நடுவில் நான் ஒரு கேள்விக்குப் பதில் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி எனக்கு நீங்கள் அதை எழுத வேண்டியதில்லை. அம்மாவுக்கு மட்டும் எழுதுங்கள். உங்களுக்கும் தெரியும் என்று எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை
குணபூசணி